ஒண்ணேமுக்கால் கிலோப் படகு

வேண்டாங்க கண்டக்டர், மேல போட வேண்டாம், மடியிலயே வெச்சுக்கறேன். இதுக்கு லக்கேஜா? கையில வாங்கிப் பாருங்க ஒருக்கா. பாத்தீங்களா, அவ்வளவுதான். அக்கட்ட ஒருத்தரு நாலு மூட்டை வெங்காயத்தைப் போட்டு வழியவே அடைச்சு வெச்சிருக்காரு, அவருகிட்டக் கேளுங்க லக்கேஜ்.

நீ எங்க கண்ணு எறங்கோணும்? காங்கேயமா? நான் திருப்பூரு. சன்னலோரம் நீயே உக்காந்துக்க, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். இதென்னன்னு பாக்கறியா? பாரு, பாரு. கரூர் ஸ்டாண்டுல ஒருத்தரு மெத்தையான்னு கேட்டாரு. இன்னொரு அம்மா கூடாரத் துணியான்னு கேட்டுச்சு. படகு கண்ணு. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். காத்தை அடைச்சா ஒரு ஆளு உக்காந்து காவேரியிலயே போலாம். காத்தை எடுத்துட்டா இப்படிச் சுருட்டி மடியில வெச்சுக்கலாம். ஒண்ணேமுக்கால் கிலோ. எங்கூட்டுக்காரரு வெட்டினாரு, நான் ஒட்டினேன். அம்புட்டும் என் கை ஒட்டு.

இதுல ஒட்டு வுட்டுப்போச்சுன்னு சொல்றாங்க கண்ணு. எங்க நாத்தனாரு சொல்றா. அவ சொல்லி ஊரே சொல்லுது. நான் ஒட்டினது சரியில்லாம நடு ஆத்துல காத்து எறங்கி எம்புருசன் முழுகிட்டாராம். இப்ப ஊட்டுல வந்து உக்காந்திருக்கா, படகைக் கொண்டா, எங்க வுட்டுதுன்னு நாலு பேரு பாக்கட்டும்னு. பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். நான் பாத்துட்டுத்தான் வாரேன். காலையில மாயனூர்ல அத்தனை பேரு முன்னால காத்தடைச்சு, சோப்புத் தண்ணி தடவிப் பாத்தாச்சு. ஒரு குமிழி வரலை. ஒண்ணு கூட வரலை.

நீ பாட்டுக்கு போனைப் பாக்கறதுன்னா பாரு. நான் சித்த பேசிக்கிட்டு வாரேன்.

எங்கூட்டுக்காரரு மில்லுல எலெக்ட்ரீசன். நாச்சிமுத்துன்னு பேரு, பேரைச் சொல்லக் கூடாதும்பாங்க, இப்பத்தான் ஸ்டேசன்ல, கோயில்லன்னு எத்தனையோ எடத்துல சொல்லிப்போட்டனே. கெட்ட மனுசன் இல்ல. குடி கெடையாது. கை நீட்டினது கெடையாது. பேச மாட்டாரு, அவ்வளவுதான். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து எங்கிட்டப் பேசினதையெல்லாம் கூட்டிப் பாத்தா இந்த பஸ் டிக்கெட்டுப் பின்னாலயே எழுதிரலாம். கொழந்தை இல்ல எங்களுக்கு. அதுக்குன்னு ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்ல. அவரு சொல்லாததையெல்லாம் சேத்து வெச்சு அவங்கக்கா சொல்லுவா, வண்டி வண்டியா.

மில்லு விட்டு வந்தா செல்லுல ஒரு வீடியோ பாப்பாரு. ஒரு வெள்ளைக்காரன் முதுகுல ஒரு பையை மாட்டிக்கிட்டு மலை மேல நடந்து போவான். குறுக்க ஆறு வரும். பையில இருந்து ஒரு சுருட்டை எடுத்துக் காத்தடைப்பான், படகு. அக்கரைக்குப் போவான், காத்தை வுட்டுச் சுருட்டுவான், முதுகுல போட்டுக்கிட்டு மறுபடியும் நடப்பான். இம்புட்டுத்தான் வீடியோ. அதையே எத்தனை தடவை பாப்பாரு தெரியுமா? நானும் பக்கத்துல உக்காந்து பாப்பேன். அவன் எங்கதாங்க போறான்னு ஒரு நாள் கேட்டேன். தெரியலைன்னாரு. அத்தோட சரி.

அப்பறம் தை மாசம் கொரியர்ல துணி வந்துச்சு. ஒரு பக்கம் சாதா நைலான், இன்னொரு பக்கம் வழுவழுன்னு ஒரு பூச்சு. பூச்சும் பூச்சும் சேந்தாப்புல வெச்சுச் சூடு காட்டினா உருகிப் புடிச்சுக்கும். ஊசி நூலே கெடையாது. ஊசி போட்டா ஓட்டை, ஓட்டை இருந்தா காத்து போயிரும். அவரு பழைய இஸ்திரிப் பெட்டியை வெச்சுக்கிட்டு மொட்டை மாடியில உக்காந்து ஒரு வாரம் போராடினாரு. ஒரு துண்டு சுருங்கிப்போச்சு, ஒரு துண்டு பொகைஞ்சு போச்சு, இன்னொண்ணு கையில எடுத்தாப் பிரிஞ்சு வருது. சூடு தெரியலை மனுசனுக்கு. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில அயர்னிங் செக்சன் கண்ணு. கல்யாணம் ஆன வருசத்துல இருந்து இஸ்திரிப் பெட்டிதான் என் பொழப்பு. துணி காய்ஞ்சிருக்குதா, பெட்டி காய்ஞ்சிருக்குதான்னு எனக்குக் கையே சொல்லும். பாத்துப் பாத்துப் பொறுக்காம ஒரு நாள் அவரு கையில இருந்து பெட்டியப் புடுங்கிட்டேன். அங்கிட்டு நகருங்கன்னேன். நகந்தாரு.

அன்னிக்கு ஆரம்பிச்சது. சாயங்காலமானா ரெண்டு பேரும் மாடிக்குப் போயிருவோம். அவரு கோடு போட்டு வெட்டி, ஓரத்துக்கு ஓரம் சேத்து, ரெண்டு கையிலயும் இழுத்துப் புடிச்சுக்குவாரு. நான் பெட்டியை வெச்சு நெருக்கிக்கிட்டே போவேன். இன்னுங்கொஞ்சம்பாரு. போதும்பாரு. அங்க ஒரு சுருக்கம், எடுத்துவுடும்பாரு. வேற ஒண்ணும் பேச மாட்டாரு. அதுவே எனக்குப் பேச்சுதான் கண்ணு. துணியை இழுத்துப் புடிக்கிறப்ப அவரு மூஞ்சி எம்மூஞ்சிக்கு இம்புட்டுக் கிட்டத்துல இருக்கும். அந்த நாலஞ்சு மாசந்தான் நாங்க ரெண்டு பேரும் குடும்பம் நடத்தினது, நான் வெக்கமில்லாமச் சொல்லிப்போடறேன். கம்பெனியில கூட கேட்டாங்க, என்ன பூங்கொடி, மூஞ்சி பளபளன்னு இருக்குது, விசேசமான்னு. இந்த வயசுல என்னடி விசேசம், படகு கட்டறோம்னேன்.

எடைக் கிறுக்கு அதுக்கு அப்பறம் புடிச்சது. எடை மெசின் ஒண்ணு வாங்கியாந்தாரு, சமையக்கட்டு மெசின். அது மேல ஒரு நாளும் என் மொளகாப்பொடி ஏறலை. நாடா, கயிறு, மூடி, எல்லாம் அவரு சாமானுதான். முதுகுல சொமக்கறவனுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்காமா. பல் வெளக்கற பிரஸ்ஸைப் பாதியா வெட்டினாரு. ஸ்பூன் காம்புல வரிசையா ஓட்டை போட்டாரு. ஒட்டடைக் குச்சியோட அலுமினியக் குழாயைக் கழட்டி, நீல டிரம்மை வெட்டி ரெண்டு பக்கமும் இலை மாதிரி வெச்சுத் துடுப்பு பண்ணிட்டாரு. எங்கூட்டுல ஒட்டடை அடிச்சு வருசமாகப் போகுது. குளிர்பான டின்னை அறுத்து ஒரு அடுப்பு. உள்ளங்கையில அடங்கும், ஸ்பிரிட்டு ஊத்தி எரிக்கறது. நான் யோகா பண்ற பாயி, அந்த ஸ்பான்ச்சுப் பாயி, அதை வெட்டி உள்ள வெச்சு நான்தான் மெதக்கற சட்டை தெச்சுக் குடுத்தேன். யோகா எங்க பண்ணினேன், ஆசைப்பட்டு வாங்கினது, அவ்வளவுதான்.

ஒரு நாள் படகுக்குள்ள ஒரு லேபிள் ஒட்டி வெச்சேன். பனியன் கழுத்துல வெப்போம்ல, அந்த மாதிரி. அவரு பேரு, எம்பேரு, என் செல் நம்பரு. தொலைஞ்சா யாராவது கூப்புடுவாங்கல்ல? மறுநா பாத்தா கத்திரியால வெட்டி எடுத்திருந்தாரு. எடைங்கறாரு. ஒரு லேபிள் என்ன எடை இருக்கும்? எனக்கு வந்துச்சு பாரு கோவம். அவரு மில்லுக்குப் போனதுக்கப்பறம் மார்க்கர் பேனாவுல தரைத் துணிக்கு அடிப்பக்கம் என் நம்பரை எழுதிப்போட்டேன். மைக்கு ஏது எடை? அவரு பாக்கவே இல்ல.

ரெண்டு ஆளு உக்கார்ற மாதிரி பண்ணலாமுங்களான்னு கேட்டேன் ஒருக்கா. துணி மிச்சம் இருந்துச்சு. ரெண்டு ஆளுன்னா எடை தாங்காதுன்னாரு. அவரு சொன்னதும் நாயந்தானே, நான் அப்ப கொஞ்சம் பூசினாப்புல இருந்தேன். சரின்னு ராத்திரிச் சோத்தை வுட்டேன். காலையில சந்தைப்பேட்டை வரைக்கும் நடந்துட்டு வருவேன். கம்பெனி கோடவுன்ல துணி மூட்டை நிறுக்கற மெசின் இருக்குது, வாரா வாரம் அதுல ஏறி நிப்பேன், புள்ளைங்க எல்லாம் சிரிக்கும். ஆறு கிலோ கொறைச்சேன் கண்ணு. ஜாக்கெட் எல்லாம் புடிச்சுத் தெச்சேன். ஆனா அதுக்குள்ள படகு முடிஞ்சிருச்சு. ஒரு ஆளு படகுதான். நான் எளைச்சதை அவரு பாத்தாரா இல்லையா தெரியலை. அவருக்கு அந்த நேரம் வால்வு வேலை மும்முரம்.

முடிச்சு, மாடியில வெச்சு மொத மொதல்ல காத்தடைச்சோம். பம்பு கிம்பு ஒண்ணும் இல்ல. பெரிய பை ஒண்ணு, அதை வீசிக் காத்தைப் புடிச்சு, வாயை முறுக்கி உள்ள அமுக்கறது. பத்து அமுக்குல படகு எந்திரிச்சு நிக்குது, எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. அப்பறம் சோப்புத் தண்ணி. பாத்திரம் வெளக்கற சோப்பைக் கரைச்சு ஒட்டு பூராவும் பிரஸ்ஸுல தடவோணும். எங்கியாச்சும் காத்து கசிஞ்சா அங்க குமிழி வரும். அவரு ஒரு பக்கம் இருந்து, நான் ஒரு பக்கம் இருந்து தடவிக்கிட்டே வந்து நடுவுல சந்திச்சோம். ஒண்ணுமே இல்ல. வால்வுக்கிட்ட மட்டும் பொடிசா ரெண்டு, அது அவரு வெச்சது, என்னுது இல்ல. அதையும் நான் ஒட்டிச் சரி பண்ணினேன். அப்ப என்னை நிமிந்து பாத்து ஒண்ணு சொன்னாரு.

"உன் கை நல்ல கை, பூங்கொடி."

அது வரைக்கும் என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்ல கண்ணு. ஏ, இந்தா, இங்க பாரு, அப்படித்தான் கூப்புடுவாரு. கீழ எறங்கி வந்து சமையக்கட்டுல நின்னு அழுதேன். சந்தோசத்துலதான்.

தென்னிலை தாண்டிருச்சா? நீ தண்ணி குடிக்கறியா? வேண்டாமா? சரி.

ஆவணியில கெளம்பினாரு. கொடுமுடியில எறங்கி ஆத்தோட ஆத்தாப் போயி மாயனூர்ல ஏறிக்கறது, நடுவுல ஒரு ராத்திரி கரையில தங்கறது. ரெண்டாவது நாள் சாயங்காலம் பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துருவேன்னாரு. வழியனுப்ப நானும் கொடுமுடி போயிருந்தேன். படித்துறையில துணி தொவைக்கறவங்க, திதி குடுக்க வந்தவங்கன்னு ஒரே கூட்டம், எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க. காத்தடைச்சாரு. மெதக்கற சட்டையப் போட்டுக்கிட்டாரு. அப்பறம் வெரல்ல இருந்து மோதிரத்தைக் கழட்டி எங்கிட்டக் குடுத்தாரு, எங்கப்பன் போட்ட மோதிரம். எடைதான், வேறென்ன. ஒரு கிராமும் வீணாக் கூடாதுன்னா அப்படி ஒரு கணக்கு. செல்லையும் குடுத்துட்டாரு, தண்ணியில நனைஞ்சா வீணாயிருமே. எல்லாத்துலயும் அப்படி ஒரு நிதானம் அவருக்கு.

போயிட்டாரு. துடுப்பு மின்னுது, நான் ஒட்டின படகு காவேரியில போகுது. இங்க திரும்பிப் பாப்பாரு, அங்க திரும்பிப் பாப்பாருன்னு கையைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னேன். திரும்பலை. திரும்பக் கூடாது கண்ணு, சின்னப் படகு, ஒடம்பைத் திருப்பினா ஒரு பக்கம் சாஞ்சிரும். வெவரம் தெரிஞ்சவங்க திரும்ப மாட்டாங்க. பக்கத்துல தொவைச்சுக்கிட்டு இருந்த பொம்பளை என்னமோ சொன்னா, உனக்கு என்னடி தெரியும் படகைப் பத்தின்னு சொல்லிப்போட்டு வந்தேன்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் கொள்ளும் கத்திரிக்காயும் போட்டுக் கொழம்பு வெச்சேன். அவரு வரலை. மறுநாளும் வரலை. அப்பறம் ஸ்டேசன், தீயணைப்புக்காரங்க, பரிசல்காரங்க, என்னென்னமோ ஆச்சு. கொடுமுடிக்குக் கீழ தண்ணிக்குள்ளயே தேடினாங்க, தேடினாங்க, மாயனூரு வரைக்கும் யாரும் போயிக் கேக்கலை, ஒண்ணும் கெடைக்கலை. ஆளும் இல்ல, படகும் இல்ல. நாத்தனாரு வந்து வாசல்லயே நின்னு மண்ணை வாரித் தூத்தினா. வெளங்காத கைடி உன் கை, ஒரு புள்ளையத் தாங்காத வயிறு, ஒரு படகை ஒட்டத் தெரியாத கை, என் தம்பியத் தண்ணியில வுட்டுட்டயேன்னா. தெருவே கேட்டுச்சு. வயித்தைச் சொன்னதுகூட எனக்குப் பழகிப்போச்சு கண்ணு. கையைச் சொன்னா பாரு, அதைத்தான் தாங்க முடியலை.

ஆளு கெடைக்காட்டிப் போகுது, தர்ப்பையில உருவம் பண்ணிக் கருமாதியை முடிச்சுரலாம்னு ஒறம்பரை எல்லாம் கூடிப் பேசினாங்க. நான் ஒத்துக்கலை. என் ஒட்டு வுடாது, வுடாத படகுல போனவரு முழுக மாட்டாரு, பொட்டை அழிக்க மாட்டேன், தாலியத் தொட்டீங்கன்னா நடக்கறது வேறன்னு கத்தினேன். புருசன் போனதுல பைத்தியம் புடிச்சிருச்சுன்னு கம்முனு போயிட்டாங்க. ஐப்பசி போச்சு, கார்த்திகையும் பாதி போச்சு. நான் கம்பெனிக்குப் போவேன், வருவேன். வாசக்கதவுக்குத் தாப்பா போடறதில்ல.

முந்தாநாள் ஒரு போனு. மாயனூர்ல பாலத்துக்கிட்ட டீக்கடை வெச்சிருக்கறவரு, தருமலிங்கம்னு பேரு. மழைக்கு வெறகு நனையுதுன்னு கடைக்குப் பின்னால கெடந்த சுருட்டைப் பிரிச்சு மேல போத்தியிருக்காரு, அடியில நம்பரு எழுதியிருக்குது, கூப்புட்டாரு. எம் மார்க்கர் எழுத்து! நாத்தனாருகிட்டப் படகு கெடைச்சிருக்குதாமான்னு மட்டும் சொன்னேன். அவ்வளவுதான், வந்து உக்காந்துட்டா. நான் காத்தடைக்கற பழைய பையையும் ஒரு பாட்டல் சோப்புத் தண்ணியும் எடுத்துக்கிட்டுக் காலையில மொத பஸ்ஸுக்கே வந்தேன்.

நல்ல மனுசன் அந்த தருமலிங்கம். உக்காரும்மான்னு ஸ்டூலைப் போட்டாரு. நான் டீ கூடக் குடிக்கலை. படகு எங்கேன்னு வாங்கி, ரோட்டோரத்துலயே காத்தடைச்சேன். லாரிக்காரங்க, மீனு விக்கறவங்க எல்லாம் கூடிட்டாங்க. மூணு மாசம் வெய்யில்லயும் மழையிலயும் கெடந்த படகு கண்ணு, வெறகு மேல கெடந்தது. கும்முனு எந்திரிச்சு நின்னுச்சு. பிரஸ்ஸு கொண்டு போகலை, முந்தானையிலயே சோப்பை நனைச்சுத் தடவினேன். மேல, கீழ, மூலை, அடித்தரை, வால்வு. பாருங்க, பாருங்கன்னு ஒவ்வொருத்தரையும் கூப்புட்டுக் காட்டினேன். ஒரு மீன்காரம்மா குனிஞ்சு பாத்துட்டு, அச்சு வாத்த மாதிரி ஒட்டியிருக்கியே தாயின்னுச்சு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கூத்தாடலாம் போல இருந்துச்சு. முழுகலை! எங்கூட்டுக்காரரு முழுகலை! நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்லன்னு அந்த ரோட்டுல நின்னு கத்தறேன்.

தருமலிங்கம்தான் கத்தாதம்மான்னு சொல்லிப்போட்டு மெதுவாச் சொன்னாரு. முழுகலைம்மா, எனக்குத் தெரியுமே, அவரு இங்க வந்தாரேன்னாரு.

வந்திருக்காரு. ரெண்டாவது நாள் மத்தியானம், சொன்ன நேரத்துக்கு மாயனூர்ல கரையேறியிருக்காரு. படகைக் கழுவி, கைப்புடிச் செவுத்துல காயப் போட்டு, ஒரு பக்கம் காஞ்சதும் திருப்பிப் போட்டு, மூலையெல்லாம் துண்டுல தொடைச்சிருக்காரு. ஈரத்தோட சுருட்டினா பூச்சு கெட்டுரும், அவரு அப்படி வெக்கவே மாட்டாரு. மூணா மடிச்சு, வால்வைத் தொறந்து வெச்சு, எதிர் முனையில இருந்து சுருட்டியிருக்காரு. தருமலிங்கம் கையால மடிச்சுக் காட்டினாரு, அச்சு அசலா அவரு மடிப்பு. டீ குடிச்சு, ரெண்டு பிளேட் பஜ்ஜி தின்னுருக்காரு. நல்லாச் சிரிச்சுப் பேசினாருன்னு சொல்றாரு அந்த டீக்கடைக்காரரு. மழை எப்படி, மீனு எப்படி, திருச்சிக்கு இங்கயே பஸ் நிக்குமான்னு ஊட்டுத் திண்ணையில உக்காந்து பேசற மாதிரி ஒரு மணி நேரம் பேசியிருக்காரு. அப்ப அது அவரா இருக்காதுங்க, எங்கூட்டுக்காரரு பேச மாட்டாருன்னேன். அடையாளத்தைக் கேட்டா எல்லாம் அவருதான். காதோரத்து மச்சம், ஓட்டை போட்ட ஸ்பூனு, எல்லாம்.

திருச்சி பஸ்ஸு ஏறியிருக்காரு. திருச்சியில ஒரு வேலை இருந்திருக்கும். மில்லு வேலையா இருக்கும். இல்லீன்னா கோயிலுக்கு வேண்டியிருப்பாரு. ஆம்பளைங்க எல்லாத்தையுமா சொல்லிக்கிட்டு இருப்பாங்க? நீயே சொல்லு. சுருட்டு இங்கியே கெடக்கட்டும்னு சொல்லியிருக்காரு. ஊட்டுல இருந்து யாராச்சும் வந்து எடுத்துக்குவாங்களான்னு தருமலிங்கம் கேட்டதுக்கு, ஊட்டுல யாரும் இல்லைங்கன்னு சொன்னாராம். அது சரிதானே கண்ணு. அன்னிக்கு வேலை நாளு, நான் கம்பெனிக்குப் போயிருப்பேன்ல. ஊட்டுல யாரும் இல்லதானே.

என்ன கண்ணு அப்படிப் பாக்கற?

ஒண்ணுதான் எனக்குப் புரியலை. கரூர்ல பஸ் ஏறினதுல இருந்து அதையேதான் நெனைச்சுக்கிட்டு வாரேன். முதுகுல போட்டுக்கிட்டு எங்க வேணாலும் போலாம்னுதானே இதைப் பண்ணினோம். பிரஸ்ஸை வெட்டி, லேபிளை வெட்டி, எல்லாம் எடை கொறைச்சாச்சு. திருச்சிக்குப் போறவரு இதையும் தூக்கிக்கிட்டுப் போக வேண்டியதுதானே. எங்கிட்டக் குடு, நீ தூக்கு பாப்போம். என்ன எடை இருக்குது? ஒரு கைக்கொழந்தை எடை கூட இல்ல. இதுகூடவா அவருக்குக் கனத்துப்போச்சு? காய வெச்சு, மடிச்சு, பத்திரமா வெச்சிருக்காரு கண்ணு. அடுத்தவங்க சாமானைத் திருப்பிக் குடுக்கறப்பத்தான் அப்படிப் பத்திரமா மடிச்சு வெப்பாங்க.

வெள்ளகோவிலு வந்துருச்சு. இதுக்கு அப்பறம் காங்கேயம். நீ எறங்கிருவ.

ஊட்டுல நாத்தனாரு உக்காந்திருக்கா. ஒறம்பரையும் வந்திருக்கும். வாசல்ல காத்தடைச்சு, சோப்புத் தண்ணி தடவி, ஒரு குமிழி காட்டுங்க பாக்கலாம்னு கேக்கறதுக்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தது. வராது. நூறு தடவை தடவினாலும் வராது. என் கை நல்ல கைன்னு எல்லாருக்கும் தெரியும். அப்பறம்? அப்பறம் அவ கேப்பா, படகுக்கு ஒண்ணும் ஆகலையேடி, அப்ப என் தம்பி எங்கடின்னு. தெருவே நின்னு பாக்கும். நான் என்னத்தச் சொல்லட்டும்? டீ குடிச்சாரு, பஜ்ஜி தின்னாரு, சிரிச்சுப் பேசினாருன்னு சொல்லட்டுமா?

கண்ணு, எனக்கு ஒரு ஒதவி பண்றியா? இந்த நாடாவை அவுத்து, சுருட்டுல ஒரு மடிப்பு மட்டும் பிரி. அதேதான். ஒரு துணி மேல ஒரு துணி ஏறி ஒரு வெரக்கடை அகலத்துக்குப் பட்டையா இருக்குது பாரு, அதுதான் ஒட்டு. அதை ரெண்டு கையிலயும் இழுத்துப் புடி. எங்கிட்ட ஊக்கு இருக்குது, தாலிக்கொடியில எப்பவும் ரெண்டு கெடக்கும். பயப்படாத, உன் வெரல்ல பட்டுராது.

துணியில குத்தக் கூடாது. துணியில ஓட்டைன்னா கல்லு கிழிச்சிருக்கும்பாங்க. கல்லு கிழிச்சா அவரே ஒட்டிக்குவாரு, ஒட்டுத் துணி சட்டைப் பையிலயே வெச்சிருந்தாரு, அது நாத்தனாருக்கும் தெரியும். ஒட்டுலதான் வுடோணும். ஒட்டு வுட்டாத்தான் ஆளு முழுகுவான். படகு முள்ளுல மாட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லிக்கறேன். மாயனூருக்குப் போயி யாரு கேக்கப் போறாங்க?

அவ சொன்னதே இருந்துட்டுப் போகட்டும். வெளங்காத கைன்னே இருக்கட்டும். திட்டுவாங்க, அழுவாங்க, கருமாதி பண்ணுவாங்க, இந்தக் கொடியையும் கழட்டுவாங்க. கழட்டட்டும். எம்புருசன் தண்ணியில போயிட்டாருன்னுதானே சொல்லுவாங்க. என்னை வுட்டுட்டுப் போயிட்டாருன்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல?

இன்னுங்கொஞ்சம் இழுத்துப் புடி கண்ணு. கெட்டியாப் புடி. நல்லா ஒட்டிப்போட்டேன், ஊக்கு எறங்கவே மாட்டேங்குது.